முப்பத்திரண்டு பாட்டுக்கு ஒரு துண்டுத்தாள்

பழைய புத்தகத்தைத் தொடும்போது கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும். கையுறை எல்லாம் போட்டோவுக்கு. முப்பத்துநாலு வருடம் நூலகத்தில் பைண்டராக இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள். உட்காருங்கள். நீங்கள் தேடி வந்த தாள் என்னிடம்தான் இருக்கிறது.

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா புருஷன், சங்கீத ஆராய்ச்சிக்காரர். அவர் வாயைத் திறந்தால் மாமியார் வீட்டில் மின்விசிறிகூட மரியாதையாக மெதுவாகச் சுற்றும். எனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் நானே எழுந்து போக வேண்டும். அவர் தொண்டையைச் செருமினால் நாலு செம்பு ஓடி வரும். "அக்கா வீட்டுக்காரரு தெலுங்கு ஆராய்ச்சி பண்றாரு, நீங்க அட்டை ஒட்டுறீங்க" என்பாள் என் மனைவி, ஒரு நாளைக்கு நாற்பது தடவை. சரி, நாலு தடவை.

தெலுங்கு எனக்கும் தெரியும். தெலுங்குப் புத்தகங்களை ஆயிரக்கணக்கில் பிரித்துத் தைத்தவனுக்கு எழுத்து பிடிபடாதா? யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நூற்றைம்பது வருடத்துக்கு முன் அச்சான ஒரு தெலுங்குக் கீர்த்தனைப் புத்தகம் எங்கள் நூலகத்தில் இருந்தது. வேறு பிரதி எங்கும் கிடையாது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்வரம் போட்டிருக்கும். குரல் மேலே போக வேண்டிய ஸ்வரத்துக்குத் தலையில் புள்ளி, கீழே இறங்க வேண்டியதற்குக் காலடியில் புள்ளி. சகலை அதைத் தமிழில் பதிப்பிக்கப் போகிறார் என்று வீடெல்லாம் ஒரே பேச்சு. அவர் கைக்குப் போகுமுன் தைத்துக் கொடுக்கச் சொல்லி என் மேசைக்கு வந்தது. பின்னட்டையின் உள்பக்கம் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது: கடைசி முப்பத்திரண்டு பாட்டுகளில் அச்சுக்கோத்தவர் புள்ளிகளைத் தலைகீழாக வைத்துவிட்டார், மாற்றிப் பாடிக்கொள்ளவும்.

ஈரத்துணி வைத்து நோகாமல் உரித்தெடுத்தேன்.

ஒன்பது வருடம் உழைத்தார் மனிதர். நடுவில் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார்.

"சகலை, கடைசிப் பாட்டெல்லாம் ஒரு மாதிரி போகுது. ஏறுற இடத்துல தொபுக்குனு இறங்குது. தாள் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ?"

"நான் தைச்சதுல தாள் விடுமா? ஒவ்வொண்ணா எண்ணித் தைச்சேன். பழைய பாணியா இருக்கும் சகலை. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொலைந்துபோன பாணியைக் கண்டுபிடித்துவிட்டாராம். அச்சில் வந்தது தப்பாக இருக்காது என்ற பக்தி, படித்தவர்களுக்குத்தான் அந்த அளவுக்கு வரும்.

வெளியீட்டு விழாவில் அவரே பாடிக் காட்டினார். ஏறிக்கொண்டிருந்த குரல் கிணற்றில் விழுந்தது. பாதாளத்திலிருந்து கூரைக்குத் தாவியது. கைதட்டல் ஓய அரை நாள் ஆனது. என் மனைவி பெருமையில் அழுதாள். நான் புத்தகத்தைப் புரட்டினேன். முன்னுரையில் எனக்கும் ஒரு வரி நன்றி இருந்தது.

மறுநாள் காலை துண்டுத்தாளை நகலெடுத்து, பெயர் போடாமல், ஒரு சங்கீதப் பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பினேன். 'பாணியல்ல, பிழை' என்று தலைப்பு வைத்து முழுப் பக்கம் போட்டார்கள்.

அதன் பிறகு சகலை பாடவில்லை. சாப்பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நான் தினமும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க சகலை" என்றார். நாலாவது மாதம் போய்விட்டார். தூக்கிச் சென்றவர்களில் நானும் ஒருவன்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த நன்றியைப் படித்த பிறகும் அனுப்ப எப்படி மனம் வந்தது என்கிறீர்கள். படித்ததால்தான் அனுப்பினேன். 'மொழி அறியாதபோதும் ஏடுகளை எண்ணிக் காத்தவர்' என்று போட்டிருந்தார். தெலுங்கு தெரியுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.