துக்க வீடே முதல் வீடு

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ங்கோமா அவர்களே, கிராமத் தலைவர் அவர்களே, வெள்ளைத் தலைத்துணி கட்டி வந்திருக்கும் மாதர் சங்கத்துச் சகோதரிகளே, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தபடி இந்த மாமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் என் ஜனங்களே! சபை மூப்பன் சமிசோனி பேசுகிறேன். அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

அடுத்த வாரம் கிறிஸ்மஸ். இன்று நாம் அரிசிக்கும் கோழிக்கும் அலைந்துகொண்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, நம் பாடகர் குழுத் தலைவி, சகோதரி ஃபலேசி கபிச்சிக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறோம். இது நியாயமா? யாரிடம் போய்க் கேட்பேன்!

போதகர் ஐயா சற்றுமுன் சமாதானத்தைப் பற்றிப் பேசினார். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, எனக்கு அது வரவில்லை. விதைத்த மக்காச்சோளம் முளையிலேயே கருகிவிட்டது. மறுபடி விதைக்க விதை கிடையாது. காய்ச்சல் வீடு வீடாகப் போகிறது. அந்தக் காய்ச்சலில்தான் ஃபலேசி போனாள். கணவன் ஜைலோசி அவளைத் துணியால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதித்தான். வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அது தெரியாமல், "இதோ வந்துட்டோம் புள்ள, இதோ வந்துட்டோம்" என்று பேசிக்கொண்டே மிதித்திருக்கிறான். ஐயோ, இதற்குமேல் நான் என்ன சொல்ல!

கிறிஸ்மஸ் விடியலில் நம் குழு வீடு வீடாகப் பாடப் போகும். முன்பெல்லாம் தலைவர் வீட்டில் தொடங்குவோம். அந்தந்த வருடம் சாவு விழுந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவோம். துக்க வீட்டு முற்றத்தில் பாட்டுக் கூடாது என்பது நம் வழக்கம். அதை மாற்றியவள் யார்? ஃபலேசி! "கர்த்தர் பொறந்த செய்திய மொதல்ல அங்கதான் சொல்லணும்" என்றாள். எத்தனை பேர் திட்டினோம்! கேட்டாளா?

எனிஃபாவின் புருஷனை ஏரி கொண்டுபோன வருடம் நினைவிருக்கிறதா? விடியலில் போய் நின்றோம். கதவுக்குப் பின்னாலிருந்து எனிஃபா கத்தினாள்: "எம் புருஷன் பொணம்கூடக் கெடைக்கல. உனக்குப் பாட்டு கேக்குதாடி?"

"எனக்கும் தொண்டை அடைக்குதுடி. நீ அழு, நான் பாடுறேன்" என்றாள் ஃபலேசி.

கதவு திறந்தது. ஒரு வாளித் தண்ணீர் ஃபலேசியின் தலையில் விழுந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மழதான் ஏமாத்துது, நீயாவது ஊத்துனியே" என்றாள். நனைந்த துணியோடு முதல் வரியை எடுத்தாள். எனிஃபாவின் அழுகை நின்றதா? இல்லை. ஆனால் வெளியே வந்து எங்களோடு உட்கார்ந்தாள். அன்று சோறு சாப்பிட்டாள். அவ்வளவுதான் நடந்தது, கூட்டிச் சொல்ல மாட்டேன்.

இந்த மாதம் ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் அவளிடம் கேட்டேன்: "உனக்கு நெஜமாவே சந்தோஷம் இருக்கா ஃபலேசி?"

"எங்க இருக்கு மூப்பரே? ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. இருக்கறதாலயா பாடுறேன்? வரட்டும்னுதான் பாடுறேன். வராட்டியும் கர்த்தர் வந்தது வந்ததுதானே?"

 

இன்று காலை ஜைலோசி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "மூப்பரே, இந்த வருஷம் எங்க வீட்டுப் பக்கம் யாரும் வரவேணாம். பாடிப் பாடி அவ என்னத்தக் கண்டா?" நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி ஜைலோசி, எல்லார் முன்னாலும் சொல்கிறேன். நாங்கள் வருவோம். உனக்கு ஆறுதல் கொண்டுவருவோம் என்று பொய் சொல்ல மாட்டேன். எங்களிடம் இல்லாததை எப்படிக் கொண்டுவருவது? வெறுங்கையோடு, பயத்தோடு, நெஞ்சு நிறைய இருட்டோடு வருவோம். முதல் வரியை எடுக்க ஆளில்லை. காக்கைக் குரலானாலும் நானே எடுக்கிறேன். பாதியில் நான் உடைந்துபோனால் சகோதரிகளே, நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபலேசி! உன் வேலையை நாங்கள் விடமாட்டோம். இது இந்தச் சபையின் வாக்கு.

ஜைலோசி, நீ கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்திருப்போம். உன் வீட்டில் பாடாமல் இந்த ஊரில் வேறு எந்த வீட்டுக்கும் கிறிஸ்மஸ் கிடையாது.