சயாமில் பெயரில்லாத ஒரு கல்

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது, மலாயாவிலிருந்து வந்திருந்த தம்பியிடம் எதிர்ப்பலகையில் இருந்த அண்ணன் கேட்டார்:

"ஏலே, இத்தன வருசமா அய்யாவுக்குத் திதி குடுக்க வராதவன், வெள்ளைக்காரன் கல்லறையைக் கழுவ சயாமுக்குப் போனியாக்கும்?"

"போர்ல செத்தவுக கல்லறையக் கழுவி, அங்கன வருசாவருசம் பூ வைப்பாகண்ணே. கூலியில்ல, நானாத்தான் போறேன். ரயில்பாதை போட சப்பான்காரன் அதே சயாமுக்கு இழுத்துட்டுப் போயி, அங்கனயே செத்த நம்ம அய்யாவுக்கு ஒரு கல்லுகூட இல்ல."

"அதுக்கு?"

"பேரு தெரியாத சிப்பாய்னு ஒரு கல்லு இருந்துச்சு. அய்யாவ நெனச்சு அதுல எள்ளுந் தண்ணியும் விட்டேன்."

"அடப்பாவி! அவன் எந்தச் சாதியோ, எந்த வேதமோ!"

"அவனைப் பெத்தவுகளும் தேடிட்டுத்தானண்ணே இருப்பாக."

இருபுறமும் கடல் வெயிலைச் சுமந்து கிடந்தது. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். இராமேஸ்வரம் நெருங்கியதும் மெல்லச் சொன்னார்:

"அய்யாவோட சேத்து, அந்தச் சிப்பாய்க்கும் இன்னைக்கு ஒரு பிண்டம் வச்சிருவோம்லே."