விட்டுப்போன ஒன்பது கிலோமீட்டர்

அவையை அமைதியாக ஆளும் தலைவர் அவர்களே, என் செய்திகளைத் திருத்தித் திருத்தியே தலை நரைத்த ஆசிரியர் பெருமகனாரே, முழங்கால் வலியோடும் மாடியேறி வந்திருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தேநீருக்காக மட்டும் வந்திருந்தாலும் நான் கோபித்துக்கொள்ளாத நண்பர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்!

ஓய்வுபெற்ற நிருபர் நான். ஓய்வுபெற்ற செவிலியர் என் அக்கா. நாங்கள் நாற்பத்தோரு நாள் நடந்தோம். அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். மலைச்சரிவில் நடந்தோம், மழைச்சேற்றில் நடந்தோம், மாறி மாறிச் சண்டை போட்டபடி நடந்தோம். அதை எழுதிப் பதிப்பாளர் ஒருவரிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தார்.

"கால் உடைஞ்சுதா? வழி தவறிப் போனீங்களா? கரடியாவது துரத்துச்சா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்குங்க புத்தகம்?"

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதிப்பாளர் இல்லையென்றால் பதிப்பே இல்லையா? நாமே போடுவோம் என்று துணிந்தேன். கரடி இல்லாத குறையைத் தீர்க்க அட்டையில் ஒரு வரி சேர்த்தேன்: 'ஓரடி விடாமல் நடந்த இருவரின் கதை.'

பக்கம் அமைத்தவர், அச்சகத்தின் மேல்மாடியில் ஒற்றை அறையில் வேலை பார்க்கும் அம்மையார். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். என் நாட்குறிப்பைப் பார்த்து வழியின் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர், பென்சிலை நிறுத்தினார்.

"சார், பத்தொன்பதாம் நாள் மத்தியானம் மரப்பாலத்துல இருக்கீங்க. அடுத்த வரியில விடுதிக்கு வந்துட்டீங்க. நடுவுல ஒன்பது கிலோமீட்டரைக் காணோம். பறந்தீங்களா?"

பறக்கவில்லை, பெருமக்களே. பால் வண்டியில் போனேன்! முழங்கால் பூசணிபோல் வீங்கியிருந்தது. கேன்களுக்கு நடுவே ஒரு கேனாக நான் போனேன். அக்கா தனியாக நடந்து வந்தாள். நான் என்ன எழுதினேன்? 'மாலையில் விடுதியை அடைந்தோம்.' அடைந்தோமாம்!

"கோட்டைச் சேர்த்தே வரைஞ்சிடட்டுமா சார்? யாரு வந்து அளக்கப்போறா?"

யார் அளப்பார்கள்? திருத்த ஓர் ஆசிரியர் இல்லை. தடுக்க ஒரு பதிப்பாளர் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் அடுத்தவர் சொன்னதையெல்லாம் அளந்து பார்த்தவன், என் காலை நான் அளக்க வேண்டாமா? அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்தச் சொன்னேன். பத்தொன்பதாம் நாள் பக்கத்தை அக்காவிடம் கொடுத்தேன்.

"ஏன்டா, நான் ஒத்தையா நடந்தேனே, அது எங்கடா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் வண்டியில இருந்தேன். நீயே எழுதுக்கா."

"நான் காய்ச்சலும் நாடியும் எழுதிப் பழகினவடா!"

"அதே மாதிரி எழுது."

எழுதினாள்! நான்கு பக்கம். மணி இரண்டு பத்து: பாலம், மேற்குக் காற்று. இரண்டு நாற்பது: பயம், லேசாக. மூன்று பதினைந்து: பயம் இல்லை. மூன்றரை: முப்பத்தாறு வருடம் யாராவது கூப்பிடுவதைக் கேட்டே பழகிய காது, இன்று யாரும் கூப்பிடவில்லை, சத்தமாகப் பாடினேன்.

என்ன பாட்டு என்று கேட்கிறீர்களா, பின்வரிசை ஐயா? நானும் கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள்.

இந்த நூலின் அட்டையில் இப்போது அந்த 'ஓரடி விடாமல்' வரி இல்லை; இரண்டு பெயர்கள் இருக்கின்றன. வரைபடத்தில் இரண்டு கோடுகள். அவள் கோடு அறுபடாமல் ஓடுகிறது. என் கோடு பாலத்தில் நின்று, விடுதியில் மீண்டும் தொடங்குகிறது. எழுதிப் பெட்டிக்குள் வைத்திருப்பவர்களே, உங்களுக்குச் சொல்கிறேன்: எவரும் போடாவிட்டால் நீங்களே போடுங்கள்! கரடி வராவிட்டாலும் போடுங்கள்! ஆனால் கோட்டைச் சேர்த்து வரையாதீர்கள். நீங்கள் விட்ட இடத்தில்தான் உங்களோடு வந்தவர் நடந்துகொண்டிருப்பார்.

அந்த நான்கு பக்கங்களை அவளே வாசிப்பாள். அக்கா, மேடைக்கு வா.

"எத்தனை படிடா?"

ஏழு படி. கை பிடிக்கவா?

"நீ உன் முட்டியைப் பாரு. நான் நடந்தே வர்றேன்."

கேட்டீர்களா? இத்தனை நேரம் பொறுமையோடு என்னோடு நடந்த உங்களுக்கு நன்றி. மைக்கை உரியவரிடம் கொடுத்து அமர்கிறேன். வணக்கம்!