சீல் வைத்த வீட்டுக் கோலம்

குற்றாலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் நகராட்சித் துப்புரவுப் பணிப்பெண்கள் இருவர். சாரலுக்காக ஜன்னலை இறக்கியிருந்தார்கள்.

"பேங்க்ல சீல் வச்ச வீட்டு வாசல்லல்லாம் தெனமும் கோலம் போடச் சொல்லியிருக்காவ மதினி. ஆளிருக்க மாதிரி தெரிஞ்சாதான் தெரு காலியாவாதாம்," என்றாள் இளையவள்.

"நல்லதுதான."

"கடைசி வீட்டுல மட்டும், போட்டுட்டுத் திரும்புததுக்குள்ள அழிஞ்சிருது."

"சாரல்ல கரைஞ்சிருக்கும்."

"கைய வச்சு அழிச்ச மாதிரில்லா இருக்கு."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"துட்டி வீட்டுலதாம்ட்டி கோலம் போடக் கூடாது. அங்கன யாரும் செத்தாவளா?"

"இல்ல. சீல் வைக்கும்போது நான் அங்கனதான் நின்னேன். புருசனும் பொண்டாட்டியும் சாமான ஏத்திட்டு வண்டில போனாவ."

"அவ மாமனாரு? அவரும் அந்த வீட்டுலதான இருந்தாரு."

"அவரு முந்தின நாளே மக வீட்டுக்குப் போயிட்டாருன்னுல்லா சொன்னாவ."

"மக வீடு எங்க தெருதான். அங்க வரலயே."