தாய்மாவு செய்த குற்றம் என்ன?

என் பேச்சு நீளாதபடி கடிகாரத்தைக் காவல் காக்கும் சங்கத் தலைவர் அவர்களே! அடுப்பின் அனலில் ஆயுளைக் கழித்த மூத்த ரொட்டிக்காரப் பெருமக்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் தாய்மார்களே! அவர்கள் நடுவே அமர்ந்து என்னை முறைத்துப் பார்க்கும் என் இல்லத்தரசியே! அனைவருக்கும் அன்பு வணக்கம்.

‘நுண்ணுயிர்களும் நம் நலமும்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். எனக்கோ தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை! தெளிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, குழம்பியவனை ஏன் மேடையேற்றினார்கள்? பட்டவன் நான், அதனால்தான்!

மாவின் பக்குவத்தை மணி பார்த்து அறிபவன் அல்லன் நான். நாக்கில் தொட்டு அறிபவன். அந்த நாக்கில் ஒருநாள் வெள்ளை படிந்தது, திட்டுத்திட்டாய்! காரம் எரிந்தது, உப்பு தெரியவில்லை. உப்பு போட்ட மாவிலேயே மறுபடி உப்பைப் போட்டேன். அன்று சுட்ட ரொட்டி அத்தனையும் திரும்பி வந்தது.

“வாயில ஈஸ்ட் பெருகியிருக்கு” என்றார் டாக்டரம்மா. ஈஸ்டா? ரொட்டி மாவைப் பொங்கவைத்து எனக்குச் சோறு போட்ட ஈஸ்டா என் நாக்கைக் கெடுத்தது? மீதியைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லையே, பெரியோர்களே! கடைக்கு ஓடினேன். பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் மாவும் நீரும் ஊட்டி வளர்த்த புளித்த மாவு. நாமெல்லாம் தாய்மாவு என்போமே, அதன் ஜாடியில் கொதிநீரை ஊற்றினேன். கொன்றேன்! என் கையாலேயே கொன்றேன்!

யாரப்பா பின்னால் சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். என் மனைவி அன்று சிரிக்கவில்லை. என்னைக் கையோடு மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். “ஏங்க, போன மாசம் தொண்டை வலின்னு, அலமாரியில மிச்சம் கிடந்த மாத்திரையெல்லாம் முழுங்குனீங்களே, அதைச் சொன்னீங்களா?”

டாக்டரம்மா தலையில் கை வைத்தார். “அது கிருமியைக் கொல்ற மாத்திரை. நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னுடுச்சுங்க. நிறைய பேர் வாயிலயும் வயித்துலயும் கொஞ்சம் ஈஸ்ட் இருக்கத்தான் செய்யும். அடக்கி வைக்க ஆளில்லன்னா, அது பாட்டுக்குப் பெருகிடும். உங்க மாவுல இருந்தது வேற ஈஸ்ட். அது பாவம், ஒண்ணும் பண்ணல.”

அவையோரே! நண்பன் யார்? பகைவன் யார்? குறைவாய் இருந்தால் குடித்தனக்காரன், கூடிவிட்டால் கொடியவனா? காக்க வந்த மாத்திரையே காவலரைக் கொல்லுமா? கேட்கக் கேட்கக் குழம்புகிறேன்! ஒன்றில் மட்டும் குழப்பமில்லை. மிச்ச மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள்! மருத்துவர் பேசி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்!

தலைவர் மணியைத் தொடுகிறார். இதோ முடிக்கிறேன், ஐயா. நாக்குக்கு மருந்து போட்டு இன்று பதினோராம் நாள். புதிய தாய்மாவு வைத்தும் பதினோராம் நாள். காலையில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தேன். சுருக்கென்று புளித்தது! மாவு பிழைத்ததா? நாக்கு பிழைத்ததா? எதுவென்று தெரியாமல் ஜாடியைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் மனைவி வந்து தானும் ஒரு துளி தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ரெண்டும்தாங்க” என்றார்.

குழம்பியவன் பேச்சையும் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் நாவும் வாழ்க, நலமும் வாழ்க! வணக்கம்!