கண்ணாடிக்கு முன்னே குடத்தை வைத்தவருக்கு

சிக்கல் சீமையின் சுடுவெயிலைச் சேர்த்தெடுத்துச் சுடராக்கிய செம்மலே! கருவேலங்காட்டில் கண்ணாடிப் பலகை நட்டுக் கரண்டு விளைவித்த காவலரே! எங்கள் சூரிய மின் நிலையத்தின் மேலாளராக இருந்து இன்று பணி நிறைவு பெறும் பொறியாளர் திரு. ச. மாரீஸ்வரன் அவர்களே! வணக்கம்.

பாராட்டு மடல் மகிழ்ச்சி பொங்க இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்தார் சொல்லி அனுப்பினார்கள். எழுதி எழுதிப் பார்த்தோம், பொங்கவில்லை ஐயா. இருப்பதை இருக்கிறபடி எழுதியிருக்கிறோம், பொறுத்தருள்க!

இந்தப் பொட்டலுக்கு வேலி போட்ட நாளிலேயே வந்துவிட்ட முன்னவரே! ஒப்பந்தக் கூலியையும் "வாங்க, போங்க" என்றே அழைத்த பண்பாளரே! உச்சி வெயிலில் பலகைகளுக்கிடையே எவரையும் நிற்கவிடாமல், "வெயில் நமக்குச் சம்பளம் குடுக்குது, அதுக்காக நம்மளயே தின்னக் குடுக்கணுமாப்பா?" என்று நிழலுக்கு விரட்டுவீர்கள். எங்கோ நகரத்தில் ஒருவர் பொத்தானை அழுத்த, வெந்நீர் கொட்டுகிறது. அந்த மின்சாரம் பிறக்கும் ஊரில் பச்சைத் தண்ணீருக்கே படாத பாடு. அந்த வேதனையை எங்களுக்கு முன்பே உணர்ந்தவர் நீங்கள்.

பலகைகளில் படியும் புழுதியையும் கடற்காற்றின் உப்பையும் கழுவ, நல்ல தண்ணீர் லாரியில் வந்தது. வாசலுக்கு எதிரே ஒத்தப்பனைக் குடியிருப்பில் போர் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. ஒருநாள் அந்தக் குடியிருப்புப் பஞ்சம்மாள் வெறுங்குடத்தோடு வந்து வாசலை மறித்தார். "ஏன் சார், கண்ணாடி நல்ல தண்ணியில குளிக்குது, எம்புள்ளைக உப்புத் தண்ணியக் குடிக்குதுக. இது என்ன சார் ஞாயம்?" என்றார். அன்று மதியம் நீங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

மறுநாளே லாரித் தண்ணீரை ஊருக்கு அனுப்பிவிட்டுப் போர் தண்ணீரில் பலகைகளைக் கழுவச் சொன்னீர்கள். அது பிழையாயிற்று. காய்ந்த தண்ணீர் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாய் உப்பை விட்டுப் போக, மின் உற்பத்தி சரிந்தது. விசாரணை வந்தபோது, "நான்தான் சொன்னேன், இவங்க மேல கை வைக்காதீங்க" என்று நெஞ்சை நிமிர்த்தி நின்ற நேர்மையாளரே! அன்று நின்ற உங்கள் பதவி உயர்வு இன்றுவரை வரவில்லை. எங்களுக்கு இன்றும் வயிற்றெரிச்சல்தான்.

இருந்தும் நீங்கள் ஓயவில்லை. பனிக்காலத்தில் விடியுமுன் எங்களோடு துணி ஏந்தி நடந்து, கண்ணாடியில் பூத்த பனி ஈரத்திலேயே பலகைகளைத் துடைக்கக் கற்றுத் தந்தீர்கள். சொட்டுத் தண்ணீர் செலவில்லை. கோடையில் லாரி வந்தால் முதலில் ஊர் முகப்பில் நிற்கும். "சார், நிப்பாட்டவா?" என்று லாரி ஓட்டும் ஏர்வாடி அப்துல் ஹமீது பாய் போனில் கேட்பார். "நிப்பாட்டுங்க பாய். கொடம் நெறையட்டும், கண்ணாடிய அப்பறம் பாத்துக்கிருவோம்" என்பீர்கள். மிச்சத் தண்ணீரில் ஈரத்துணி கொண்டு நாங்கள் துடைப்போம். வேலை இரட்டிப்பு, முதுகு ஒடியும். முணுமுணுத்தோம்தான், ஆனால் துடைத்தோம்.

இனி அது நடக்காது. நாளை முதல் லாரி வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்று தலைமை அலுவலகம் உத்தரவிட்டிருக்கிறது. நீங்கள் மன்றாடியதும் மறுக்கப்பட்டதும் எங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் மாலையோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் அது தெரியும்.

ஐயா! நோய் நொடியின்றி, இல்லத்தார் சூழ, நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் வற்றாதிருக்க வேண்டும். இனியாவது மதியச் சோற்றை நேரத்துக்கு உண்ண வேண்டும்.

கடைசியாக ஒன்று. இன்று லாரி கடைசியாக ஊர் முகப்பில் நின்றது. குடங்களை நிரப்பிக்கொண்ட பெண்கள், "அடுத்த லாரி எப்ப பாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஹமீது பாய் வண்டியை எடுத்துவிட்டார். இனி லாரி நிற்காது என்று சொல்லப் போன நாங்களும் பாதி வழியில் திரும்பிவிட்டோம். நீங்கள் வீட்டுக்குப் போவதும் அந்தப் பாதைதான். பஞ்சம்மாள் உங்களை வழியனுப்பக் காத்து நிற்கிறார். நீங்கள் காரை நிறுத்தாமல் போகமாட்டீர்கள். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் ஐயா, எங்களுக்கு வாய் வரவில்லை.

இங்ஙனம்,
கலங்கிய கண்களுடன்,
சூரிய மின் நிலையப் பணியாளர்கள்