உப்பில் கத்தும் மெஷின்

உப்புத் தண்ணீரில் தேட மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்கள் விலையைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள் சார். ஒரகடத்தில் எங்கள் ஊறுகாய் கம்பெனியில், பாக்கெட்டுக்குள் இரும்புத் துண்டு கிடக்கிறதா என்று பார்க்கும் மெஷினை செட் பண்ணுவது நான். சாதா மெஷினுக்கு உப்பும் இரும்பும் ஒன்றுதான். வெறும் ஊறுகாய் போனாலே கத்தும். உப்பை ஒதுக்கத் தெரிந்த மெஷின்தான் கடலுக்கு ஆகும். அப்படி ஒன்று என்னிடம் உண்டு. ஞாயிறுதோறும் கோவளத்தில் அதை வைத்துத் தேடுவேன்.

வெங்கடேசன் என் லைனில் வேலை பார்த்தவன். காவேரியின் புருஷன். காவேரி என் மாமன் மகள், எனக்கென்று பேசி வைத்தவள். மாமா கடைசி நேரத்தில் மனம் மாறினார். கல்யாணத்தில் பந்தி விசாரித்தது நான்தான். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையே என்று ஒருத்தர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்தக் காணும் பொங்கலன்று கோவளத்தில் ஓர் அலை காவேரியின் தாலியைக் கயிற்றோடு அறுத்துக்கொண்டு போனது. புருஷனுக்கு ஆகாது என்று தெருவே பேசியது. மறுநாள் கேன்டீனில் வெங்கடேசன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, அது சோறு துன்னாம அழுதுகினே கீது. நீ வந்து தேடிக் குடுண்ணா."

தாலி கட்டியவன் கையால் எடுத்தால்தான் தோஷம் போகும் என்றேன். நம்பினான். நல்ல மெஷினாக நீயே பார்த்து வாங்கிக் கொடு என்றான்.

பார்த்துத்தான் வாங்கினேன். சாதா மெஷின். காய்ந்த மணலில் அடக்கமாக இருக்கும். கடலில் இறங்கினால் தங்கம் இல்லாமலே கத்தும், உள்ளே போகப் போகச் சத்தம் கூடும். சத்தம் கூடுகிற பக்கமே போ என்று சொல்லி, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. அது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

போனான். இடுப்பளவு, பிறகு மார்பளவு. ஒருமுறை திரும்பிப் பார்த்து, "கெடைச்சிடும் போல கீதுண்ணா" என்றான். அடுத்த அலைக்குப் பிறகு ஆளைக் காணோம். நான் கூப்பிடவில்லை.

தள்ளினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். என் விரல்கூட அவன்மேல் படவில்லை. மெஷின் வாங்கிக் கொடுப்பது எந்தச் சட்டத்தில் குற்றம், காட்டுங்கள். எனக்கு வருத்தமும் இல்லை. என்னுடையதைத்தான் நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவன் தேடிய தாலி கடலில் இல்லை. அவனுக்கு மெஷின் வாங்கப் போவதற்கு முன்பே என் மெஷின் அதை எடுத்துக் கொடுத்துவிட்டது. புது மஞ்சள் கயிற்றில் கோத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். அதை யாரும் தொட வேண்டாம். காவேரிக்குத் துக்கம் ஆறட்டும், நாள் பார்த்து நானே கட்டுகிறேன்.